பழைய கார் ஸ்டீரியோ வாங்கியாச்சு... எந்த ஒயரை எங்கே கொடுப்பது?

சென்னை புதுப்பேட்டைக்கு ஒரு முறையாவது போனவர்களுக்குத் தெரியும். கதவு, பம்பர், கியர்பாக்ஸ் என்று ஒரு கார் எத்தனை துண்டாகப் பிரியுமோ அத்தனையும் அங்கே குவியல் குவியலாகக் கிடக்கும். அப்படி ஒரு குவியலில் இருந்துதான் 1,200 ரூபாய்க்கு ஒரு கார் ஸ்டீரியோ வாங்கினேன். ஏதோ ஒரு காரில் கம்பெனியிலேயே பொருத்தி வந்த செட். பின்னால் இருக்க வேண்டிய கப்ளரை யாரோ அவசரத்தில் கட்டிங் பிளேயரால் வெட்டியிருந்தார்கள். 14 ஒயர்கள் முடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

"எந்த வண்டியில கழட்டினதுண்ணே?"

"அதெல்லாம் தெரியாது சார். ஆனா பாடும். இப்பவே காட்டுறேன்."

கடைக்காரர் ஒரு கறுப்பு ஒயரை பேட்டரி மைனஸில் வைத்தார். இரண்டு ஒயர்களைச் சேர்த்து முறுக்கி பிளஸ்ஸில் வைத்தார். இன்னும் இரண்டு ஒயர்களில் ஒரு ஸ்பீக்கரைத் தொட்டார். எஃப்எம் பாடியது. சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என்னுடைய பழைய ஆல்ட்டோவில் அவர் செய்ததையே அப்படியே செய்தேன். இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கி, டேஷ்போர்டுக்குப் பின்னால் கரண்ட் வந்துகொண்டிருந்த ஒரு ஒயரில் கொடுத்தேன். பாட்டு வந்தது. அன்று ராத்திரி காரை நிறுத்தும்போது போன் வந்ததால் மியூட் பட்டனை அழுத்திப் பேசினேன். பேசிக்கொண்டே சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை 5 மணிக்கு அம்மாவைக் கண் ஆபரேஷனுக்கு அழைத்துப் போக வேண்டும். சாவியைத் திருப்பினால் 'டிக்... டிக்...' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. சாவியை எடுத்த பிறகும் அந்த செட் ராத்திரி முழுக்க மௌனமாக ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. வயசான பேட்டரி, காலி. அந்த நேரத்தில் ஆட்டோ பிடிக்க நான் பட்ட பாடும், பின் சீட்டில் உட்கார்ந்து அம்மா என்னைப் பார்த்த பார்வையும்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

இரண்டு கரண்ட் கேட்கும்!

அன்று சாயங்காலம் எங்கள் தெரு முனையில் இருக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய் நின்றேன். பார்த்த உடனே சிரித்துவிட்டார். "தம்பி, செட்டு ரெண்டு கரண்ட் கேக்கும். ஒண்ணு எப்பவும் இருக்கணும். இன்னொண்ணு சாவி போட்டா மட்டும் வரணும். கடைக்காரர் டெஸ்டுக்காக சேத்து வெச்சாரு. நீங்க அதையே பெர்மனென்ட் ஆக்கிட்டீங்க."

விஷயம் இவ்வளவுதான். எப்போதும் வரும் 12 வோல்ட் எதற்கு என்றால், செட்டில் இருக்கும் மணி, நீங்கள் சேமித்து வைத்த ஸ்டேஷன்கள், பாஸ்-ட்ரெபிள் அளவு இதெல்லாம் மறக்காமல் இருக்க. பாட்டுக்குத் தேவையான பெரிய கரண்டும் இந்த வழியாகத்தான் போகும். சாவியை ஒரு சுற்று திருப்பி 'ஏசிசி'யில் வைத்ததும் வரும் 12 வோல்ட், 'எழுந்திரு' என்று செட்டுக்குச் சொல்லும் சிக்னல். அதில் பெரும்பாலும் கொஞ்சம் கரண்ட்தான் போகும். இரண்டையும் சேர்த்துவிட்டால் செட்டுக்குத் தூக்கமே கிடையாது. இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் பாட்டு வரும், ஆனால் சாவியை எடுக்கும்போதெல்லாம் மணி 12:00-க்குப் போய்விடும், ஸ்டேஷன்கள் அழிந்துவிடும். 'செட்டுல மெமரி போயிடுச்சு' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் பலருக்கும் பிரச்னை செட்டில் இல்லை, இந்த இரண்டு ஒயரில்தான்.

இந்த இரண்டும் போக மூன்றாவதாக எர்த். மெக்கானிக்குகள் பாஷையில் 'பாடி'. அப்புறம் நான்கு ஸ்பீக்கருக்கு ஜோடி ஜோடியாக எட்டு ஒயர்கள். மீதி இருப்பவை சில்லறை வேலைக்காரர்கள். ஹெட்லைட் போட்டால் டிஸ்பிளே வெளிச்சத்தைக் குறைக்கும் ஒயர் ஒன்று, ஆன்டெனாவுக்கோ தனி ஆம்ப்ளிஃபயருக்கோ கரண்ட் அனுப்பும் ஒயர் ஒன்று என்று இருக்கும்.

கலரை நம்பலாமா?

பாதி நம்பலாம். கடையில் தனியாக விற்கும் செட்களில், அதாவது பயனியர், சோனி, கென்வுட் மாதிரியானவற்றோடு வரும் ஒயரில், கலர்களுக்கு ஒரு பொது வழக்கம் இருக்கிறது. மஞ்சள் எப்போதும் வரும் கரண்ட். சிவப்பு சாவி போட்டால் வருவது. கறுப்பு எர்த். நீலம் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயருக்கு. ஆரஞ்சு டிஸ்பிளே வெளிச்சத்துக்கு. ஸ்பீக்கர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே கலரில் கறுப்புக் கோடு இருந்தால் அந்த ஸ்பீக்கரின் மைனஸ்.

ஆனால், கம்பெனியிலேயே பொருத்தி வந்த செட்டிலும், காரின் சொந்த ஒயரிங்கிலும் இந்த வழக்கம் செல்லாது. உதாரணத்துக்கு, பல டொயோட்டா கார்களில் எப்போதும் வரும் கரண்ட் மஞ்சள் கோடு போட்ட நீல ஒயரில் வரும். சாவி போட்டால் வருவது சாம்பல். எர்த் பிரவுன். மேலே சொன்ன பட்டியலை மனப்பாடம் செய்தவர், அந்தச் சாம்பல் ஒயரைப் பார்த்து 'முன் வலது ஸ்பீக்கர்' என்று முடிவு செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். செட்டின் ஸ்பீக்கர் அவுட்புட்டில் நேரடியாக 12 வோல்ட் போய் ஏறும். போதாக்குறைக்கு பழைய காரில் நமக்கு முன்னால் இரண்டு மூன்று ஓனர்கள், அவரவர் மெக்கானிக்குகள், கையில் கிடைத்த கலரில் ஜாயின்ட் போட்டிருப்பார்கள்.

அதனால் முதலில் செட்டின் மேல் மூடியைப் பாருங்கள். நிறைய செட்களில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, எந்த பின் எதற்கு என்று படமே போட்டிருப்பார்கள். தூசியைத் துடைத்துவிட்டு, பேரம் பேசுவதற்கு முன்பே அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கப்ளர் வெட்டப்பட்டிருந்தாலும், செட்டில் பதிந்திருக்கும் சாக்கெட்டில் பின்கள் அப்படியே இருக்கும். எட்டு எட்டு பின்னாக இரண்டு கட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் ஐஎஸ்ஓ சாக்கெட். பவர் கட்டத்தில் 4-வது பின் எப்போதும் வரும் கரண்ட், 7-வது சாவி போட்டால் வருவது, 8-வது எர்த், 5-வது ஆன்டெனா, 6-வது வெளிச்சம். இன்னொரு கட்டத்தில் இருக்கும் எட்டும் ஸ்பீக்கர்கள்: 1, 2 பின் வலது, 3, 4 முன் வலது, 5, 6 முன் இடது, 7, 8 பின் இடது. ஒவ்வொரு ஜோடியிலும் ஒற்றைப்படை எண்தான் பிளஸ். இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சில ஃபோக்ஸ்வாகன் குடும்பத்து கார்களில் 4-ம் 7-ம் இடம் மாறியிருக்கும். கடையில் விற்கும் சில அடாப்டர் ஒயர்களில் மஞ்சளும் சிவப்பும் மட்டும் நடுவில் கழற்றி மாற்றிப் போடுகிற மாதிரி இருப்பது இதற்காகத்தான்.

மீட்டரைக் கையில் எடுங்க

என் செட்டில் ஸ்டிக்கர் கிழிந்திருந்தது. சாக்கெட்டும் ஐஎஸ்ஓ இல்லை. அண்ணன் ஒரு மல்டிமீட்டரை எடுத்து, "முதல்ல வண்டிய கேப்போம், அப்புறம் செட்ட கேப்போம்" என்றார். உங்களிடம் மீட்டர் இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண டிஜிட்டல் மீட்டரே போதும்.

காரில் கை வைப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. ஏர்பேக் உள்ள கார்களில் அதற்கான ஒயர்களும் கப்ளர்களும் பொதுவாக மஞ்சள் உறையில் இருக்கும். அந்தப் பக்கம் மீட்டரையும் கொண்டுபோகாதீர்கள், டெஸ்ட் லேம்ப்பையும் கொண்டுபோகாதீர்கள். மீட்டர் அனுப்பும் சின்ன கரண்ட் கூட அங்கே தேவையில்லாத விபரீதம். ஒயரை வெட்டுவது, இணைப்பது போன்ற வேலைக்கு முன் பேட்டரியின் மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிடுங்கள். வோல்ட் பார்க்கும் நேரத்துக்கு மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை காரின் பெயின்ட் இல்லாத இரும்பில் வைக்க வேண்டும். சாவி கையில் இருக்கும்போதே ஒரு ஒயரில் 12 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டினால், அது எப்போதும் வரும் கரண்ட். சாவியை ஏசிசியில் வைத்ததும் புதிதாக 12 காட்டுகிற ஒயர் இரண்டாவது. பார்க் லைட் போட்டால் மட்டும் உயிர் வருவது வெளிச்ச ஒயர். அடுத்து மீட்டரை 'பீப்' சத்தம் போடும் இடத்துக்கு மாற்றி, கரண்டே வராத ஒயர்களை இரும்போடு சேர்த்துப் பார்த்தால், கத்துவது எர்த். ஒவ்வொன்றும் தெரியத் தெரிய ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். 'ஞாபகம் இருக்கும்' என்று நினைப்பவர்களுக்கு என் அனுபவத்தைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

ஸ்பீக்கர் ஒயர்களைக் கண்டுபிடிக்க அண்ணன் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. செட் இணைப்பில் இல்லாதபோது, மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒயர்களை ஜோடி சேர்த்துப் பார்த்தார். 4 ஓம் ஸ்பீக்கர் இருக்கும் ஜோடியில் 3-க்கும் 4-க்கும் நடுவில் ஏதோ ஒன்று காட்டும். பிறகு சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியை அந்த ஜோடியில் ஒரு நொடி தொட்டு எடுத்தார். பின் கதவில் 'டுக்' என்று ஒரு சத்தம். "இது பின்னாடி லெஃப்ட். எழுதிக்கங்க." கூம்பு தெரிகிற ஸ்பீக்கராக இருந்தால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளலாம். பேட்டரியைத் தொட்டதும் கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் பிளஸ் தொட்ட ஒயர்தான் ஸ்பீக்கரின் பிளஸ். உள்ளே இழுத்தால் தலைகீழ். ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாகப் போனால் எதுவும் எரியாது. ஆனால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், தவில் சத்தம் தகர டப்பா மாதிரி ஆகிவிடும்.

இந்த 'டுக்' வித்தை ஸ்பீக்கர் ஒயர்களுக்கு மட்டும்தான். செட்டுக்குள் போகும் ஒயரில் செய்யக்கூடாது. கம்பெனியே தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருக்கும் கார்களில் சத்தமும் வராது.

இனி செட்

செட்டில் எர்த்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒயருக்கும் செட்டின் இரும்புப் பெட்டிக்கும் நடுவே மீட்டர் கத்தினால் முடிந்தது. ஆன்டெனா சாக்கெட்டின் வெளி வளையமும் எர்த்தான். எப்போதும் வரும் கரண்ட் ஒயர் மற்றவற்றைவிடத் தடிமனாக இருக்கும், அல்லது ஃபியூஸ் வழியாகப் போகும். சந்தேகம் இருந்தால் மேல் மூடியைத் திறந்து பாருங்கள். கரண்ட் உள்ளே வரும் இடத்தில் செம்புக் கம்பி சுற்றிய ஒரு சோக், பக்கத்திலேயே கட்டைவிரல் அளவில் ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். அங்கே போகும் பின்தான் அது. பக்கவாட்டில் அல்லது பின்னால் அலுமினிய ஹீட் சிங்க்கில் ஸ்குரூ போட்டு இறுக்கிய, நிறைய கால்கள் கொண்ட ஐசி தெரியும். அதுதான் ஆம்ப்ளிஃபயர். பழைய செட்களில் டிடிஏ7388 மாதிரி 25 கால் ஐசிகள் அடிக்கடி கண்ணில் படும். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தயாரிப்பாளரின் டேட்டாஷீட்டைப் பார்த்தால், எந்தக் கால் எந்த ஸ்பீக்கருக்கு என்று தெரியும். அங்கிருந்து சாக்கெட் வரை மீட்டரால் 'பீப்' பிடித்துக்கொண்டே வரலாம். எட்டு ஸ்பீக்கர் ஒயரும் பேரோடு கிடைத்துவிடும்.

என் விஷயத்தில் கடைக்காரர் சேர்த்து முறுக்கிய இரண்டு ஒயர்கள் ஏற்கெனவே தெரியும். அதில் எது எது? அண்ணன் செய்த சோதனை குழந்தைக்குக் கூடப் புரியும். இரண்டையும் 12 வோல்ட்டில் கொடுத்து மணியை 4:20 என்று வைத்தார். ஒரு ஒயரை எடுத்தார், செட் அணைந்தது. மறுபடி கொடுத்தார், 4:20 அப்படியே இருந்தது. ஆக, எடுத்தது சாவி ஒயர். இன்னொன்றை எடுத்துக் கொடுத்தபோது 12:00. அது பேட்டரி ஒயர்.

இரண்டுமே தெரியாத நிலையில் இருப்பவர்கள், பேட்டரி ஒயரையும் எர்த்தையும் கொடுத்துவிட்டு, சந்தேக ஒயரை நேரடியாக 12 வோல்ட்டில் தொடாதீர்கள். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தொடுங்கள். எங்கே தொட்டாலும் 12 மில்லி ஆம்பியருக்கு மேல் போகாது. சாவி ஒயராக இருந்தால், செட் எழுந்திருக்கப் பெரும்பாலும் அதுவே போதும்.

இந்தச் சோதனைகளை காரில் வைத்துச் செய்யாமல் டேபிளில் செய்வது நல்லது. யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி போதும். அண்ணனின் ரகசியம் ஒன்று இருக்கிறது. பேட்டரி பிளஸ்ஸுக்கும் செட்டுக்கும் நடுவில் 12 வோல்ட், 21 வாட்ஸ் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றைத் தொடராக மாட்டுவார். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் பளிச்சென்று முழு வெளிச்சத்தில் எரியும். அதற்கு மேல் கரண்ட் போகவே போகாது, 2 ஆம்பியருக்குள் நின்றுவிடும். செட் நன்றாக இருந்தால் பல்ப் மங்கலாக எரியும், அல்லது எரியவே எரியாது. இந்த ஒரு பல்ப், எத்தனையோ செட்களைப் புகையாகாமல் காப்பாற்றியிருக்கிறது.

செட்டைக் கொல்லும் இரண்டு தப்பு

முதல் தப்பு, ஸ்பீக்கர் மைனஸை எர்த்தில் கொடுப்பது. 'மைனஸ்னா மைனஸ்தானே' என்று தோன்றும். பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்து ஃபிட்டிங்குகளில் ஸ்பீக்கரின் ஒரு முனையை அப்படியே பாடியில் ஸ்குரூ போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால செட்டுக்கு அது சரி. இப்போதைய செட்களில் ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களையுமே ஆம்ப்ளிஃபயர்தான் ஓட்டுகிறது. செட் ஓடும்போது மீட்டரை வைத்துப் பாருங்கள். எர்த்துக்கும் ஸ்பீக்கரின் இரண்டு ஒயரில் எதற்கும் நடுவே பேட்டரியில் பாதி, சுமார் 6 வோல்ட் காட்டும். அந்த இரண்டு ஒயருக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டும். இப்படிக் காட்டினால் செட் நல்ல செட் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் நடுவே பல வோல்ட் காட்டினால் ஐசி போய்விட்டது. ஸ்பீக்கரை மாட்டினால் அதன் காயிலும் கருகிவிடும். கடையிலேயே இதைச் சோதித்துவிட்டு வாங்கலாம்.

இரண்டாவது தப்பு, நீல ஒயரை கரண்ட்டில் கொடுப்பது. அது கரண்ட்டை வெளியே அனுப்பும் ஒயர், உள்ளே வாங்கும் ஒயர் இல்லை. பழைய கார்களில் ஆன்டெனா மோட்டாரை ஏற்றி இறக்கவும், புதிய கார்களில் ஆன்டெனா பூஸ்டருக்கும் பயன்படுகிறது. பூஸ்டர் உள்ள காரில் இதைக் கொடுக்காமல் விட்டால் எஃப்எம் கரகரவென்று இழுக்கும். வேறு எதற்கும் தேவையில்லை என்றால் முனையில் டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

ஃபியூஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால், சிகரெட் பாக்கெட் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் வீரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். ஃபியூஸ் இருப்பது செட்டைக் காப்பாற்ற மட்டுமல்ல, டேஷ்போர்டுக்குப் பின்னால் பஞ்சுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஓடும் ஒயர் நெருப்புப் பிடிக்காமல் இருக்க. இன்னொரு வேடிக்கை, 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட செட்டின் முகப்பில் '50 வாட்ஸ் x 4' என்று எழுதியிருக்கும். எஞ்சின் ஓடும்போது 14.4 வோல்ட் என்று வைத்தாலும், 10 ஆம்பியரில் மொத்தமே 144 வாட்ஸ்தான் உள்ளே போக முடியும். 200 வாட்ஸ் எங்கிருந்து வெளியே வரும்?

வாங்கக் கூடாத செட்களும் உண்டு. ஆன் செய்ததும் டிஸ்பிளேயில் 'கோட்' அல்லது 'சேஃப்' என்று வந்தால், அது திருட்டுக்கு எதிரான பூட்டு. பேட்டரியில் இருந்து கழற்றினாலே பூட்டிக்கொள்ளும். கோட் நம்பர் இல்லாமல் அது வெறும் பெட்டிதான். எங்கிருந்து கழற்றப்பட்டது என்ற கேள்வியும் கூடவே வரும். அதேபோல் சமீபத்திய கார்களின் கம்பெனி செட்கள் பலவற்றில் சாவி ஒயரே இருக்காது. சாவி போட்டாச்சு என்ற செய்தியை காரின் கம்ப்யூட்டர், 'கேன்' என்ற இரட்டை ஒயரில் டேட்டாவாக அனுப்பும். வேறு காரில் வைத்தால் 14 ஒயரையும் சரியாகக் கொடுத்தாலும் எழுந்திருக்காது.

ஜாயின்ட் போடும் வேலையில் அண்ணன் என் முறுக்கு-டேப் வேலையை மொத்தமாகப் பிய்த்துப் போட்டார். "வெயில்ல நிக்கிற வண்டி தம்பி. டேப்போட பசை உருகி கழண்டுடும். அப்புறம் மஞ்சளும் கறுப்பும் முத்தம் கொடுத்துக்கும்." ஈயம் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார். காரின் கப்ளரை வெட்டாமல், அதற்குப் பொருந்தும் அடாப்டரை ஜிபி ரோட்டில் இருந்து வாங்கி வரச் சொன்னார். நாளைக்கு இந்த செட்டும் போய்விட்டால் அடாப்டரைக் கழற்றினால் போதும், காரின் ஒயரிங் கன்னி கழியாமல் இருக்கும் என்பது அவர் கணக்கு.

ஒரு வாரம் கழித்து அம்மாவை செக்கப்புக்கு அழைத்துப் போனேன். ஒரே சுற்றில் வண்டி ஸ்டார்ட் ஆனது. டிஸ்பிளேயில் மணி சரியாக 6:10. கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு அம்மா கேட்டார், "இந்தப் பொட்டி இன்னிக்கும் ராத்திரி பூரா பாடுச்சாடா?"

14 ஒயர்களில் 13-க்கு வேலை கொடுத்துவிட்டோம். வெள்ளைக் கோடு போட்ட ஒரு பச்சை ஒயர் மட்டும் எதற்கென்று அண்ணனுக்கே பிடிபடவில்லை. டேப் சுற்றி, 'தெரியாது, தொடாதே' என்று எழுதி உள்ளே படுக்க வைத்திருக்கிறோம்.